புகைப்புரையின் பின்கதவு

அன்று மத்தியானம் ஷைஜா அடுக்களையில் உட்கார்ந்து நெத்தோலி கிள்ளிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் கணவன் அபினேஷ் அருமனைச் சந்தையில் வாங்கி வந்த மீன். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, குடலை உருவி, மண்சட்டியில் போடும்போது விரல் நுனியெல்லாம் வெள்ளிப்பொடி ஒட்டியது. அபினேஷ் சாயா தம்ளரோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றான். கைலி மடிப்பிலிருந்து ஒரு பச்சை மாங்காயை எடுத்து அவள் முன்னால் உருட்டிவிட்டான்.

"இதப் போட்டு அவியல் வையி, கேட்டியா. புளி வேண்டாம்."

"எங்க பறிச்சீங்க?"

"அதக் கேட்டா மாங்கா புளிக்காது பாரு."

பாதிச் சாயாவைக் குடித்துவிட்டு மீதியை ஜன்னல் திண்டில் வைத்தான். ஆறிப்போன சாயாவைக் குடிப்பது அவன் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்டு வந்த பழக்கம். "கவுத்திராத. வந்து குடிக்கேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனான்.

அதுதான் கடைசியாக நடந்த சாதாரணக் காரியம். ஆனால் அதுவரை எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாளாகவே, மேலே ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கும் அந்தக் கட்டிடத்தில், கேள்வி முடியும் முன்பே பதில் வந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் தோட்டம் வைத்த காலத்தில் கட்டிய புகைப்புரை அது. வீட்டுக்குப் பின்னால் ஏறும் சரிவில், மரங்களுக்கு நடுவே, ஜன்னல் இல்லாத கருங்கல் சுவரும் செங்குத்தான ஓட்டுக்கூரையுமாக நின்றது. ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் தேய்த்து, ஷீட்டாக்கி, அந்த இருட்டுக்குள் மூங்கில் கம்புகளில் வரிசை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பக்கவாட்டில் வெளியே இருக்கும் அடுப்புக்குழியில் தீ மூட்டினால், புகை தரைக்கு அடியிலுள்ள சுரங்கம் வழியாக உள்ளே போய் ஷீட்டுகளைச் சுற்றும். வெள்ளையாகப் போனது தேன் நிறத்தில் வெளியே வரும். அபினேஷின் அப்பா அந்தத் துண்டு நிலத்தை வாங்கிய பிறகும் பல வருஷம் அங்கே தீ எரிந்தது. பிறகு ஆட்கள் பாலை அப்படியே விற்க ஆரம்பித்தார்கள். கதவுகள் சாத்திக் கிடந்தன.

அபினேஷ் ஊருக்குத் திரும்பியபோது கையில் கொஞ்சம் சேமிப்பும் தலையில் இந்த யோசனையும் இருந்தன. இடிக்கக் கூடாது. தங்கும் விடுதியாக மாற்ற வேண்டும். பழைய கட்டிடங்களைப் புது உபயோகத்துக்கு மாற்றுவதில் பேர் வாங்கிய அஸ்வதி என்ற கட்டிடக் கலைஞர் நாகர்கோவிலிலிருந்து வந்தாள். உள்ளே போனவள் கண்கள் மின்ன வெளியே வந்தாள். "ஒரு கல்லைக்கூட மாத்த வேண்டாம் அபினேஷ். இதுக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். அன்று எல்லோருக்கும் அது அழகான பேச்சாகத் தோன்றியது.

அவள் சொன்னபடியே செய்தார்கள். மூங்கில் கம்புகள் கழற்றப்படாமல் கூரைக்குக் கீழே தொங்கின. சுரங்கத்தின் வாய்களுக்கு மேல் கண்ணாடிப் பலகை போட்டார்கள். மரத்தட்டு போட்டு மேலே ஒரு படுக்கையறை, கீழே ஒன்று. ஜன்னல் வைக்கவில்லை, ஏசி வைத்தார்கள். முன்கதவும் பின்கதவும் பழையவையே. இரண்டும் அயனிப் பலகை. புகை கசியாமல் அடைப்பதற்காகச் செய்த கதவுகள் என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்ளே ஆள் இருக்கும்போது அந்தக் கதவுகளைச் சாத்தும் வேலை அந்தக் காலத்தில் யாருக்கும் கிடையாது.

பின்கதவின் உட்பக்கத்துக் கரியைச் சுரண்டியபோது ஓரிடத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருப்பது தெரிந்தது. நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்தில். அஸ்வதி அதன் மேல் வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்றாள். "நூறு வருஷத்துக் கைகள்" என்று அதைப் படம் எடுத்துக்கொண்டாள். ஷைஜாவும் ஒரு முறை தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. ஆள் உள்ளே இருக்கும்போதெல்லாம் திறந்தே கிடந்த கதவை உள்ளேயிருந்து தள்ளியவர்கள் யார் என்று அன்று இரவு படுத்தபிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

ரப்பர் நாட்டில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. புகைப்புரையை அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே போய்க் கம்புகளுக்கிடையே யாரும் இல்லை என்று பார்த்து, பின்பக்கமாக இறங்கி, பின்கதவை அடைத்துத் தாழ்ப்பாளைப் போடுவார். முன்கதவில் நிற்பவர் மூன்று முறை தட்டி "உள்ள ஆளுண்டா?" என்று சத்தமாகக் கேட்பார். பின்பக்கம் நிற்பவர் "ஆளில்ல!" என்று பதில் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் முன்தாழ்ப்பாள் விழும். ஷைஜாவின் அப்பாவும் அம்மாவும் வீட்டுப் பின்புறத்துச் சின்னப் புகைப்புரையை இப்படித்தான் அடைப்பார்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் நாட்களில்கூட அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு பதிலும் இருக்கும்.

விடுதி வேலை நடக்கும்போதும் சாயங்காலம் அடைக்கையில் அபினேஷும் ஷாஜனும் அதைச் செய்தார்கள். ஷாஜன் வேலைகளை மேற்பார்க்க வந்தவன், களியக்காவிளைக்காரன். அஸ்வதிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தங்க வருகிறவர்களையும் செய்ய வைக்கலாம் என்றாள். முன்கதவுக்குப் பக்கத்தில் அழகான ஒரு பலகையும் வந்தது: மூன்று முறை தட்டுங்கள், கேளுங்கள்.

முதல் தடவை அது நடந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஷைஜா மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுபோயிருந்தாள். பின்கதவைத் தாழிட்டுவிட்டு அபினேஷ் படியில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டான். சூடு. வாயைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஷாஜன் தட்டும் சத்தம், "உள்ள ஆளுண்டா?" என்ற குரல், உடனே "செரி!" என்று தாழ்ப்பாள் விழும் சத்தம். அபினேஷ் கிழங்கை விழுங்கிவிட்டு எழுந்து போனான்.

"எலே ஷாஜன், நான் பதில் சொல்லதுக்கு முன்ன ஏன்டே அடச்ச?"

"நீங்க சொன்னீங்கல்லா?"

"வாயில கெழங்க வச்சிட்டு நான் என்னத்தச் சொல்ல?"

"அப்ப கெழங்கு சொல்லியிருக்கும்" என்றான் ஷாஜன். சிரித்தார்கள். ஷைஜாவும் சிரித்தாள். அவள் அபினேஷுக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை முன்கதவில் நின்றது அவள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரமண் வாடையோடு, பல வருஷமாகத் தீ காணாத அந்தச் சுவர்களிலிருந்து புகையும் ஆசிட்டும் கலந்த பழைய ஷீட்டின் புளித்த வாடை, மழையில் நனைந்த நாயின் உடம்பிலிருந்து கிளம்புவது போலச் சூடாகக் கிளம்பி வந்தது. அவள் மூன்று முறை தட்டினாள். "உள்ள ஆளு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

"ஆளில்ல!"

அபினேஷின் குரல். அவனுக்குச் சளி பிடித்திருந்தது, அந்தக் கரகரப்புகூட இருந்தது. அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். அபினேஷ். கையில் டார்ச். "கொறச்சு பொறுடி. பம்ப நிறுத்தப் போனேன். இன்னும் உள்ள கேறல" என்றான்.

உள்ளேயிருந்து பதில் வந்ததை அவள் சொன்னதும் அவன் சுவரைத் தட்டிக் காட்டினான். "எக்கோ. கருங்கல்லுல்லா. நேத்து சொன்னது இன்னைக்குக் கேக்குதோ என்னமோ."

"வெளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. உள்பக்கம் ஒரு கொண்டி வையுங்க. எதுக்கு இருந்தாலும் உள்ள இருந்து தொறக்கதுக்கு ஒரு வழி வேணும்."

மறுநாள் அவன் களியக்காவிளையில் ஒரு பித்தளைக் கொண்டி வாங்கி வந்தான். அஸ்வதி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மேஜை மேல் வைத்தாள். பாரம்பரியக் கட்டிடங்களுக்கான விருதுக்கு நடுவர்கள் பார்க்க வர இருந்தார்கள். "அந்தப் பலகையில ஒரு ஓட்டை போட்டாலும் போச்சு, ஷைஜா. அவங்க வந்து போகட்டும். அப்புறம் நானே வச்சுத் தாறேன்." அபினேஷ் ஷைஜாவைப் பார்த்தான். பிறகு கொண்டியை ஜீப்பின் முன்பெட்டிக்குள் போட்டு மூடினான்.

நடுவர்கள் வருவதற்கு முன்னால் வண்டு வந்தது. மேல்தட்டு உத்தரத்திலிருந்து மாவு மாதிரி மரத்தூள் படுக்கை விரிப்பில் கொட்டியது. மருந்து அடித்தால் மரத்தில் கறை பிடிக்கும் என்றாள் அஸ்வதி. இத்தனை வருஷம் இந்த மரத்தை வண்டு தொடாததற்குக் காரணம் புகைதானே, ஒரே ஒரு நாள் அதே புகையைத் திரும்பக் கொடுப்போம், கட்டிடம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் என்றாள்.

நெத்தோலி வாங்கிய நாள்தான் அதற்குக் குறித்த நாள்.

காலையில் சந்தையிலிருந்து அபினேஷ் நேராகப் புகைப்புரைக்குத்தான் போனான். மீனை வாங்கிக்கொள்ள ஷைஜா மேலே போனாள். பின்படியில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்திருந்தவன் அவளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தான்.

"முகம் ஏன் இப்பிடி இருக்கு?"

"இன்னைக்கு நான்தான் முன்கதவுல நிப்பேன். ஷாஜன் அடுப்பப் பாக்கட்டும்."

"நில்லு. யாரு வேண்டாம்னா?"

"நீங்க ஆளில்லன்னு சொல்லாதீங்க. வேற எதாவது சொல்லுங்க. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது."

அவன் யோசிப்பது போல நெற்றியைச் சொறிந்தான். மீன்பையைத் தூக்கிப் பார்த்தான். "நெத்தோலி. போதுமா? எந்தப் பேய்க்கு நெத்தோலி தெரியப் போவுது?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. முதுகுக்குப் பின்னால் பலகை வெயிலில்லாத இடத்திலும் இளஞ்சூடாக இருந்தது. அவன் சாய்ந்திருந்த சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்த பிறகு இருவரும் மேலே ஏறினார்கள். ஷாஜன் அடுப்புக்குழியில் ரப்பர் விறகையும் உரித்த தேங்காய்த் தொண்டுகளையும் அடுக்கி, தேங்காய்ச் சிரட்டையைப் பரப்பி வைத்திருந்தான். மெத்தைகளும் விரிப்புகளும் வெளியே எடுக்கப்பட்டு, கண்ணாடிப் பலகைகள் நகர்த்தப்பட்டு, உள்ளே தரை அங்கங்கே கருப்பாக வாய் பிளந்திருந்தது. அபினேஷ் முன்பக்கமாக உள்ளே போனான். மேல்தட்டில் அவன் நடக்கும் சத்தம் கேட்டது. மூங்கில் கம்பு ஒன்று அசைந்து மற்றொன்றில் முட்டியது. ஏணியில் இறங்கும் சத்தம். பிறகு பின்கதவின் கீல் முனகியது, சாத்தியது, இரும்பு இரும்பில் விழுந்தது.

ஷைஜா முன்கதவை இழுத்துச் சாத்தினாள். தட்டினாள்.

"உள்ள ஆளுண்டா?"

முழுக் கேள்வியையும் கேட்டு முடித்தாள். காத்திருந்தாள். மரங்களில் சீவிடுப் பூச்சிகள் கத்திக்கொண்டிருந்தன.

"நெத்தோலி!"

அவன் குரல். கட்டிடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, திறந்த வெளியிலிருந்து வருவது போலத் தெளிவாக. அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது. ஆனாலும் போடவில்லை. மனம் ஒப்பவில்லை. அந்த நிமிஷத்தில் தோன்றியதைக் கேட்டாள்.

"எதப் போட்டு?"

"மாங்கா போட்டு!"

அவள் சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது. தாழ்ப்பாளை இறக்கினாள். "ஷாஜன், பத்த வையி" என்றாள்.

தொண்டு முதலில் பிடித்தது. பால் நிறப் புகை குழியின் வாயில் ஒரு முறை சுழன்று, யாரோ இழுத்தது போல உள்ளே போனது. சற்று நேரத்தில் ஓட்டிடுக்குகளில் மெல்லிய கோடுகள் எழுந்தன. கட்டிடம் மூச்சு விடுவது போல இருந்தது என்று அஸ்வதி இருந்தால் சொல்லியிருப்பாள். அபினேஷ் சுற்றிக்கொண்டு வருவான் என்று ஷைஜா நின்றாள்.

"எங்க நிக்கீங்க?" என்று கூப்பிட்டாள்.

"பம்பு பக்கம் போயிட்டு வாறேன். நீ போயி மீனப் பாரு."

அவள் போனாள்.

அடுக்களையில் மாங்காயைக் கீறினாள். தேங்காயையும் மிளகாயையும் சின்ன உள்ளியையும் கொரகொரப்பாக அரைத்தாள். நெத்தோலிச் சட்டியில் அரைப்பை இட்டு, மாங்காயைப் போட்டு, கறிவேப்பிலை உருவி, கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து உலுக்கினாள். ஜன்னல் வழியே பார்த்தபோது ரப்பர் மரங்களின் தலைக்கு மேல் புகை நீலமாகப் படர்ந்திருந்தது. சின்ன வயதில் பார்த்த சாயங்காலங்கள் போலவே இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவியல் கொதித்தது. மாங்காயின் புளிப்பு வாடை எழுந்தது. ஜன்னல் திண்டில் இருந்த சாயாவின் மேல் ஏடு படிந்திருந்தது. அடுப்பை அணைத்தாள்.

அவன் வரவில்லை.

முற்றத்தில் வெளிச்சம் குறைந்தது. போன் செய்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை. பம்பு சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தாள். பிறகு கவனித்தாள்: பம்பு ஓடவில்லை. மத்தியானத்திலிருந்தே கரண்ட் இல்லை.

ஷாஜனுக்குப் போன் செய்தாள்.

"சார் அங்க உண்டா?"

"பின்னால நிக்காரு அக்கா. இப்பதான் பேசிட்டு நின்னாரு."

"யார்ட்ட?"

"உங்கள்ட்டன்னு நெனச்சேன். உங்க சத்தமும் கேட்டுதே. போன் அடிச்சிட்டே இருந்துது அக்கா. யாரும் எடுக்கல."

"எங்க அடிச்சுது?"

அவன் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு ஓடும் சத்தம்.

அவள் சரிவில் ஏறினாள். செருப்பு இல்லை. வேர்கள். சிரட்டைகள் காலில் தட்டின. புகை வாடை. புகைக்குள் வேறொரு வாடை. பின்படி. படியில் அவன் செருப்பு, இரண்டும் ஒழுங்காக, கதவைப் பார்த்து. தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளிப்பக்கம். இரும்பு கொதித்தது. தூக்கினாள். கை வெந்தது. தூக்கினாள்.

கதவு தானாகத் திறந்தது. அதில் சாய்ந்திருந்த பாரம் அவள் மேல் வந்தது.

புகைப்புரைக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு நல்ல ஷீட்டின் நிறம் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தேன் மாதிரி இருக்கும். அவள் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அந்த நிறமே வந்தது. அவனுடைய வலது கை மடங்கவில்லை. உள்ளங்கை விரிந்து, நெஞ்சுக்கு முன்னால், எதையோ தள்ளிக்கொண்டே இருந்தது.

காற்றில் கதவு சாத்தி, தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். அன்று காற்றில்லை. வெளியே குரல் கேட்டது என்று ஷைஜாவும் ஷாஜனும் சொன்னதை அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பதற்றத்தில் அப்படித் தோன்றும் என்றார்கள். நெத்தோலி என்ற வார்த்தையைப் பின்படியில் வைத்துப் பேசியிருந்தார்கள். அதைக் கதவு கேட்டிருக்கலாம் என்று ஷைஜா தனக்குள் ஒத்துக்கொண்டாள். மாங்காயைப் பற்றிப் பேசியது கீழே, அடுக்களையில். அந்த இடத்துக்கு வரும்போது அவள் மனம் நின்றுவிடும். அப்படியானால் பதில் சொன்னது அவனேயா? எங்கே நின்று சொன்னான்?

சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பெட்டியை மூடும் முன் வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். எத்தனை முறை கழுவியும் புகை வாடை போகவில்லை. அஸ்வதி வெள்ளைச் சேலையில் வந்து ஷைஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். போகும்போது மெல்லச் சொன்னாள்: "கட்டிடத்துக்கு ஒண்ணும் ஆகல, ஷைஜா." ஆறுதலாகத்தான் சொன்னாள். வண்டும் ஒழிந்திருந்தது.

விருது கிடைத்தது. அபினேஷின் அண்ணன் ராஜமணி கோட்டு போட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தார். தம்பியின் கனவை அப்படியே விடக் கூடாது என்று அவரே விடுதியைத் திறந்தார். வரவேற்பு மேஜைக்கு மேலே அபினேஷின் படம், அதற்குக் கீழே விருது. தங்கியவர்கள் நல்லபடியாக எழுதினார்கள்: அமைதி, பழமை, மரத்தில் இன்னும் மெல்லிய புகை வாசம். பின்கதவின் உட்பக்கம் தேய்ந்த இடத்தில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தேய்ந்த இடம் முன்பைவிடக் கொஞ்சம் அகலமாகியிருந்தது. கொண்டி வைக்கச் சொல்லி ஷைஜா கேட்டபோது ராஜமணி முகத்தைச் சுளித்தார். "விருது வாங்கின கதவும்மா அது. ஆளு போனது போயாச்சு. கதவையும் கெடுக்கணுமா?"

அவள் அதற்குப் பிறகு அந்தச் சரிவில் ஏறவில்லை. ஜன்னல் திண்டில் இருந்த தம்ளரையும் கவிழ்க்கவில்லை. சாயா வற்றித் தம்ளரின் அடியில் கருப்பாக ஒட்டிக்கொண்டது.

ஒரு சாயங்காலம் ஷாஜன் வந்தான். அவன் இன்னும் அங்கேதான் வேலை பார்த்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். முற்றத்திலேயே நின்றான்.

"அக்கா, பலகையப் பாத்துட்டு ஆளுவ தட்டிக் கேக்காவ இல்லியா. அந்தப் பக்கம் பதில் சொல்ல நாங்க யாரையும் நிப்பாட்டல."

"பின்ன?"

"பதில் வருது. ஸ்பீக்கர் வச்சிருக்கோம்னு நெனச்சு அவிய சிரிக்காவ. ராஜமணி அண்ணனும் ஆமான்னு சொல்லிருக்காரு. இம்புட்டு நாளும் ஆளில்லன்னுதான் வந்துது." அவன் தரையைப் பார்த்தான். "இப்ப மீன் பேரு சொல்லுது."

அவள் ஏறிப் போனாள். பால்வெட்டு முடிந்த மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன. முன்பக்கம் விளக்குகள் போட்டிருந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கதவின் முன் கூடியிருந்தது. ஒரு சிறுமி எம்பி எம்பித் தட்டினாள். யாரோ சொல்லிக் கொடுத்தபடி கத்தினாள். "உள்ள ஆளுண்டா?"

"நெத்தோலி!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். "இது கொள்ளாமே" என்றார். சிறுமி மறுபடி கேட்கப் போனாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். உணவறை கீழே இருந்தது. பேச்சுச் சத்தம் மெல்ல இறங்கிப் போனது.

ஷைஜா பின்பக்கம் போனாள்.

விளக்கில்லை. படி. கதவு. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் அதன் மேல் கை வைத்தாள். தழும்பு விழுந்த கை. இரும்பு குளிர்ந்திருந்தது. தட்டக் கூடாது என்று நினைத்தாள். எதையும் கேட்கக் கூடாது. உதடுகளை இறுக்கிக்கொண்டாள். காதை மட்டும் பலகையில் வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மரத்தின் மேல் தோல் உரசும் சத்தம். மெதுவாக. அவள் காதுக்கு நேராக. உள்ளங்கை ஒன்று பலகையில் தன் இடத்தைத் தேடிப் பொருந்துவது போல.

பிறகு ஒரு பெண் குரல் பேசியது.

"எதப் போட்டு?"

அது அவளுடைய குரல்.

"மாங்கா போட்டு!"

அது அவன்.

பிறகு அந்தச் சிரிப்பு. சின்னது, மூக்கு வழியாக வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது, மூச்சுகூட மாறாமல். சிரிப்பு முடிந்ததும் ஒரு தாழ்ப்பாள் விழும் சத்தம், மிக அருகில், கதவுக்கு அந்தப் பக்கம்.

அவள் கைக்குக் கீழே இருந்த தாழ்ப்பாள் அசையவில்லை. களியக்காவிளையில் வாங்கிய பித்தளைக் கொண்டி கீழே ஜீப்பின் முன்பெட்டிக்குள் காகிதம் பிரிக்காமல் கிடந்தது. கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.